இலையில் கண்ட மைட்டுக்குச் சிற்றினப் பெயர் சொல்வது எப்படி: சேகரிப்பு முதல் புதுப் பெயர் வைப்பது வரை

“அக்கா, இது என்ன மைட்?” என்று ஒரு முதுகலை மாணவர் குப்பியை நீட்டினார். ஆல்கஹாலுக்குள் முப்பது நாற்பது சிவப்புப் புள்ளிகள். லேபிள் இல்லை. என்ன செடி என்று கேட்டால் “கீரை” என்றார். அரைக்கீரையா, தண்டுக்கீரையா, பசலையா? தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் பெண். அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு யாராலும் சிற்றினப் பெயர் சொல்ல முடியாது. அவர் கேட்டதோ, அன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள் என்று.

பெயர் சொல்வது கடைசி வேலை. அதற்கு முன் வரும் வேலைகளில் எது தவறினாலும் அது தெரியவருவதும் கடைசியில்தான். அதற்குள் செடியைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

சொல்லைப் பற்றி ஒன்று. செம்பேன், செஞ்சிலந்தி, உண்ணி என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் ‘இலைப்பேன்’ என்றால் அது த்ரிப்ஸ், ஆறுகால் பூச்சி. ‘செம்பேன்’ எட்டுக்கால் மைட். ‘சிலந்தி’ என்று மட்டும் சொன்னால் வலை பின்னும் சிலந்தி நினைவுக்கு வரும். ஆகவே ஆய்வகத்தில் சொல்வதுபோல் மைட் என்றே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் செடிகளில் வாழும் செம்பேன் குடும்பமான டெட்ரானிக்கிடேயிலிருந்து வரும். புதிதாக வருபவர்கள் முதலில் சந்திப்பது அதைத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

களத்துக்கு: 10 மடங்கு கைலென்ஸ், மூடி இறுகும் சிறு குப்பிகள், 70 சதவீத எத்தனால், தனியாகக் கொஞ்சம் 95 சதவீத எத்தனால், பூஜ்யம் எண் தூரிகை, பென்சில், தடித்த காகிதம், பாலித்தீன் பைகள்.

ஆய்வகத்துக்கு: ஸ்டீரியோ நுண்ணோக்கி, லாக்டிக் அமிலம், மைட்டை ஸ்லைடில் பதிக்கும் ஹோயர் கரைசல், ஸ்லைடு, வட்டக் கவர் ஸ்லிப், மிக மெல்லிய ஊசி, 45 முதல் 50 டிகிரியில் நிற்கும் உலர்த்தும் அடுப்பு, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதியும் 100 மடங்கு எண்ணெய் லென்ஸும் உள்ள நுண்ணோக்கி. கடைசியில் சொன்னது உங்களிடம் இல்லையென்றால், யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து நாள் வாங்கிய பிறகே களத்துக்குப் போங்கள். சாதாரண நுண்ணோக்கியில் பேரினம் வரை தட்டுத்தடுமாறிப் போகலாம், அதற்கு மேல் கண் வலிதான் மிச்சம்.

ஹோயர் கரைசலை நீங்களே தயாரிப்பதானால் வரிசை முக்கியம். 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 30 கிராம் கருவேலம் பிசின், அதாவது கம் அராபிக், முழுதாகக் கரைய வேண்டும். அதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். பிறகு 200 கிராம் குளோரல் ஹைட்ரேட், கடைசியில் 20 மில்லி கிளிசரின். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பிசின் கட்டி கட்டியாக நின்றுவிடும். பிசினைப் பொடியாக வாங்காமல் கட்டியாக வாங்குங்கள், பொடியில் காற்றுக்குமிழி அதிகம். குளோரல் ஹைட்ரேட் மயக்கமூட்டும் நச்சு. கையுறை போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் கையாள வேண்டும்.

2. சேகரிப்பு: ஆணைத் தேடுங்கள்

செம்பேன் குடும்பத்தில், குறிப்பாக டெட்ரானிக்கஸ் பேரினத்தில், சிற்றினத்தைப் பிரித்துக் காட்டுவது ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம். பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிட வேண்டியதுதான். ஆனால் கண்ணில் முதலில் படுவது பெண். அரை மில்லிமீட்டரை நெருங்கும் உருண்டை உடல், நல்ல நிறம். ஆண் அதைவிடச் சிறியது, வெளிறியது, பின்பக்கம் கூர்ந்திருக்கும். புதியவர்கள் அதைக் குஞ்சு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஆணைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். அசையாமல், கால்களை முன்னும் பின்னும் நீட்டி, வெள்ளி பூசியதுபோல் மினுங்கும் ஒன்று கிடக்கும். அது கடைசித் தோலுரிப்புக்குக் காத்திருக்கும் இளம்பெண். அதன் மேல் சாய்ந்தோ பக்கத்தில் ஒட்டியோ காவலுக்கு நிற்பதுதான் ஆண். ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டு எடுங்கள்.

ஆணே கிடைக்கவில்லையா? வளர்த்துக்கொள்ளலாம். இந்த மைட்டுகளில் கருவுறாத முட்டைகள் எல்லாம் ஆணாகவே பிறக்கும். ஈரப்பஞ்சின் மேல் ஓர் இலைத்துண்டைக் கவிழ்த்து வைத்து, தோலுரிக்கக் காத்திருக்கும் இளம்பெண்களை மட்டும் அதில் விடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் தட்டு நிறைய ஆண்கள் இருப்பார்கள். பஞ்சு காயக்கூடாது. காய்ந்தால் எல்லாம் நடந்தே வெளியேறிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே இலையில் இரண்டு சிற்றினங்கள் கலந்து இருப்பது அபூர்வம் அல்ல. ஒரு செடியில் எடுத்த ஆணும் பெண்ணும் ஒரே சிற்றினம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு கருவுற்ற பெண்ணைத் தனி இலைத்துண்டில் விட்டு, அதன் பிள்ளைகளை எடுங்கள்.

மரபணு ஆய்வு செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் மாதிரியை இங்கேயே இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதி 95 சதவீத எத்தனாலில், குளிர்பெட்டியில். மீதி 70 சதவீதத்தில், ஸ்லைடுக்கு. எல்லாவற்றையும் 95-ல் போட்டால் உடல் முறுகிக் கால்கள் உடையும்.

வேறு மைட்டுகளுக்கு முறை மாறும். இலைச்சருகிலும் மண்ணிலும் இருப்பவற்றுக்கு, மேலே பல்ப் எரியும் பெர்லீஸ் புனல், சூட்டுக்கு விலகி மைட்டுகள் கீழே உள்ள குப்பியில் விழும். தென்னை ஈரியோபைடு என்ற புழுபோன்ற மிகச் சிறிய மைட்டுக்கு, குரும்பையின் காம்புப் பக்கம் தொப்பிபோல் மூடியிருக்கும் இதழ்களைப் பிரித்து அதன் அடியில் தேட வேண்டும். தேங்காயின் மேல் பழுப்புத் தழும்பு தெரியும் இடத்தில் தேடினால் ஒன்றும் இருக்காது. அது பழைய காயம்.

3. லேபிள்: குப்பியை மூடும் முன்

இடம், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, செடியின் அறிவியல் பெயர், செடியின் எந்தப் பகுதி, எடுத்தவர் பெயர். பென்சிலால் எழுதி, குப்பியின் உள்ளே போடுங்கள். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்து, மறுநாள் வெறும் நீலத் தண்ணீர்தான் இருக்கும். வெளியே ஒட்டிய லேபிள் உரிந்துவிடும்.

தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம். 3.5.2024 என்றால் மே 3-ஆ மார்ச் 5-ஆ என்று சந்தேகம் வரும், 3.v.2024 என்றால் வராது. செடி தெரியாவிட்டால் பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, அதே எண்ணைக் கொடுங்கள். பல மைட் பட்டியல்களில் செடியின் பெயரை வைத்தும் தேடலாம்.

4. முதல் சல்லடை: எந்தப் பெரும் பிரிவு?

ஸ்லைடு போடும் முன்பே ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பாதி வேலை முடியும். மைட்டுகளும் உண்ணிகளும் சேர்ந்த அக்காரியைப் பாராசிட்டிஃபார்மிஸ், அக்காரிஃபார்மிஸ் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவதில் கால்நடை உண்ணிகளும், மைட் தின்னும் ஃபைட்டோசீயிட் மைட்டுகளும், தேனீக்களின் வரோவாவும். இரண்டாவதில் செம்பேன், ஈரியோபைட், சிரங்கு மைட், வீட்டுத்தூசி மைட், மண்ணில் வாழும் ஒரிபாடிட் வகைகள், மழைக்குப் பின் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி.

கால்களை எண்ணுங்கள். ஆறு கால் என்றால் அநேகமாக லார்வா, அதை ஒதுக்குங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்பும் சிகர் மைட் இதற்கு விதிவிலக்கு. அதன் வகைப்பாடே லார்வாவை வைத்துத்தான், ஒட்டுண்ணியாகக் கையில் கிடைப்பது லார்வா மட்டுமே. நான்கே கால்களும் புழுபோல் நீண்ட உடலும் என்றால் ஈரியோபைட். அதற்கு எந்தப் பருவத்திலும் நான்கு கால்தான். புதியவர்கள் இரண்டு ஜோடிக் கால் உடைந்துவிட்டது என்று எழுதி வைப்பதைப் பார்த்திருக்கிறேன்!

இந்தச் சல்லடை ஏன் இப்போதே? ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஸ்லைடு போடும் கோணமும் தெளியவைக்கும் நேரமும் வேறு. தெரியாமல் போட்டால் மாதிரி வீண்.

5. தெளியவைத்தல்

உடலுக்குள் இருக்கும் உணவும் நிறமியும் கரைந்தால்தான் முடிகளும் தோல் வரிகளும் தெரியும். லாக்டிக் அமிலத்தில் போட்டு, 50 டிகிரிக்கு மேல் போகாமல் இளஞ்சூட்டில் வைத்து, அவ்வப்போது பாருங்கள். வெளிறிய ஆண் மைட்டுகளுக்குப் பெரும்பாலும் இது தேவையே இல்லை, ஹோயரே தெளியவைத்துவிடும். கெட்டித் தோலுள்ள ஒரிபாடிட்டுக்கு நாட்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உடல் குழைந்து, கடைசியில் கண்ணாடித் தகட்டில் ஒரு கறை மட்டும்தான் இருக்கும்.

6. ஸ்லைடு: ஆணைப் பக்கவாட்டில் படுக்கவைப்பது

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான்.

பெண்ணை முதுகு மேலே இருக்குமாறு போட வேண்டும். அது எளிது, தானாகவே அப்படி விழும். ஆணின் உறுப்பு பக்கவாட்டுத் தோற்றத்தில் மட்டும்தான் முழு வடிவம் காட்டும். கொக்கிபோல் மேலே திரும்பி, நுனியில் ஒரு சிறு குமிழ். அந்தக் குமிழின் முன்மூலையும் பின்மூலையும் கூரா, மழுங்கலா, எது நீளம் என்பதில்தான் சிற்றினமே அடங்கியிருக்கிறது. உடல் பத்து டிகிரி சாய்ந்தாலும் கூர்மூலை மழுங்கலாகத் தெரியும், நீங்கள் வேறு பெயருக்குப் போய்விடுவீர்கள்.

ஸ்லைடின் நடுவில் ஹோயர் ஒரு சிறு துளி. கடுகளவு போதும். துளி பெரிதானால் மைட் மிதந்து திரும்பும். ஆணை ஊசி நுனியில் எடுத்துத் துளியின் அடிவரை அமுக்கி, பக்கவாட்டில் சாயுங்கள். ஓரிரு நிமிடம் விடுங்கள், கரைசல் கொஞ்சம் இறுகட்டும். பிறகு கவர் ஸ்லிப்பை ஒரு ஓரம் தொட்டு, மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போது பாதி ஆண்கள் மறுபடி முதுகு காட்டித் திரும்பிவிடுவார்கள், கவலை வேண்டாம். அப்படியே நுண்ணோக்கியில் வைத்து, சின்ன உருப்பெருக்கத்தில் பார்த்துக்கொண்டே, ஊசியால் கவர் ஸ்லிப்பின் விளிம்பை மயிரிழை அளவு தள்ளுங்கள். கவர் ஸ்லிப் நகர, மைட் அடியில் உருளும். இரு பக்கக் கால்களும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தாற்போல் தெரியும்போது நிறுத்துங்கள். அதுதான் சரியான பக்கவாட்டு.

முதல் முறை வராது. எனக்கு முதல் பத்தில் ஒன்று தேறியது. அதனால்தான் ஒரு மாதிரிக்குக் குறைந்தது பத்து ஆணாவது வேண்டும் என்கிறேன். எல்லா ஆணையும் ஒரே ஸ்லைடில் போட்டுவிடாதீர்கள். ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று கவிழும்.

7. உலர்த்துதல், ஓரம் அடைத்தல்

45 முதல் 50 டிகிரியில் ஒரு வாரம், தட்டையாக. நிமிர்த்தி வைத்தால் கவர் ஸ்லிப் வழுக்கும். உலர்ந்த பிறகு கவர் ஸ்லிப்பின் ஓரத்தைச் சுற்றி வார்னிஷ் பூசுங்கள். ஹோயர் தண்ணீரில் கரையும் பொருள், ஈரக்காற்றில் மறுபடி இளகும். அடைக்காத ஸ்லைடுகள் ஒரு ஐப்பசி தாங்காது. தண்ணீரில் கரைவதில் ஒரு வசதியும் உண்டு. ஸ்லைடு கெட்டால் ஊறவைத்து, மைட்டை மீட்டு, புதிதாகப் போடலாம்.

காயும் முன் எண்ணெய் லென்ஸ் வைக்காதீர்கள். லென்ஸ் கவர் ஸ்லிப்பை இழுத்து, நீங்கள் பாடுபட்டுப் படுக்கவைத்த ஆணைக் கவிழ்த்துவிடும்.

8. திறவுகோலில் இறங்குவது

திறவுகோல் என்பது கேள்வி கேள்வியாக அடையாளங்களைப் பார்த்துப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல். அதில் இறங்குவது குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற வரிசையில்தான். செடியின் பெயரை வைத்து நேரே சிற்றினத்துக்குத் தாவுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. “தேயிலை என்றால் ஒலிகோனிக்கஸ் காஃபியே” என்பது அநேகமாகச் சரியாக இருக்கும். அநேகமாக.

குடும்பம் டெட்ரானிக்கிடேதானா என்பதற்கு வாயுறுப்புகளைப் பாருங்கள். சாட்டைபோல் நீண்ட ஊசிகள், கட்டைவிரல்போல் ஒரு முனையும் நகமும் கொண்ட பால்ப், அதாவது வாயின் பக்கத்து உணர்வுறுப்பு. பேரினத்துக்குக் காலின் நுனி. நகங்களுக்கு நடுவே உள்ள எம்போடியம் மூன்று ஜோடி முடிகளாகப் பிளந்திருந்தால் டெட்ரானிக்கஸ். நகம்போல் வளைந்து அடியில் முடிகள் இருந்தால் ஒலிகோனிக்கஸ் பக்கம். முதல் காலில் இரட்டை முடிகள் விலகி நிற்கின்றனவா, சேர்ந்து நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். அப்புறம்தான் ஆணின் உறுப்பு.

ஒவ்வொரு கேள்விக்கும் குறைந்தது மூன்று மாதிரிகளைப் பாருங்கள். முடி உதிர்ந்திருந்தாலும் அது இருந்த குழி வட்டமாகத் தெரியும். குழியை எண்ணுங்கள், முடியை அல்ல.

நிறத்தை நம்பாதீர்கள். டெட்ரானிக்கஸ் அர்ட்டிகேயில் பச்சை வடிவமும் சிவப்பு வடிவமும் உண்டு. சிவப்பு வடிவத்தை டெட்ரானிக்கஸ் சின்னபாரினஸ் என்ற தனிச் சிற்றினமாக நீண்டகாலம் நடத்தினார்கள். இரண்டும் ஒன்றே என்பதற்கான சான்றுகளை 2013-ல் வெளியான ஆய்வு தொகுத்தது. பழைய கட்டுரைகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் தடுமாற வேண்டாம்.

9. பெயரை எழுதும் முறை

இந்தக் கட்டுரையில் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஸ்லைடிலும் ஆய்வுக்கட்டுரையிலும் லத்தீன் எழுத்தில், சாய்வாகத்தான் எழுத வேண்டும்.

பெயருக்குப் பின்னால் அதை முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும் வரும். அவற்றைச் சுற்றி வரும் அடைப்புக்குறி அலங்காரம் அல்ல. தென்னை ஈரியோபைட் அசேரியா குவெரெரோனிஸ் கீஃபர், 1965. அடைப்புக்குறி இல்லை. கீஃபர் வைத்த அதே பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது என்று பொருள். மிளகாயில் இலை சுருட்டும் மஞ்சள் மைட் பாலிஃபேகோடார்சோனீமஸ் லேட்டஸ் (பேங்க்ஸ், 1904). பேங்க்ஸ் அதை டார்சோனீமஸில் வைத்தார், பிறகு வேறு பேரினத்துக்கு மாறியது, அதனால் அடைப்புக்குறி. தேயிலைச் செம்பேனும் அப்படியே. இலங்கையில் காபிச் செடியில் கண்டு நீட்னர் விவரித்தபோது அது அக்காரஸ் காஃபியே. இன்று ஒலிகோனிக்கஸ் காஃபியே (நீட்னர், 1861). தேயிலைப் பூச்சியின் பெயரில் காபி எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பெயர் பொருத்தமில்லை என்பதற்காக மாற்ற முடியாது.

பேரினம் மாறும்போது பெயரின் ஈறும் மாறலாம். சிகர் மைட்டை 1922-ல் வால்ச் ட்ராம்பிகுலா டெலியென்சிஸ் என்றார். ட்ராம்பிகுலா பெண்பால். லெப்டோட்ராம்பிடியம் என்ற பேரினத்துக்கு மாறியபோது, அது அஃறிணைப்பால் என்பதால் டெலியென்சே ஆனது. காஃபியே போல் ‘காபியின்’ என்று பொருள்படும் பெயர்கள் எந்தப் பேரினத்துக்குப் போனாலும் மாறாது.

10. எந்தப் பெயரும் பொருந்தவில்லை என்றால்

“புதுசு!” என்று குதிக்கும் முன் இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். ஸ்லைடு சாய்ந்திருக்கிறதா? முதிர்ந்ததுதானா, கடைசி இளம்பருவமா? திறவுகோல் எந்த நாட்டுக்கு எழுதியது? வெளியிலிருந்து வந்ததா? தென்னையின் சிவப்பு மைட்டான ரவோயெல்லா இண்டிகாவை 1924-ல் ஹர்ஸ்ட் விவரித்தது கோயம்புத்தூர் தென்னை ஓலையிலிருந்து. அது 2004-ல் கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் தெரியவந்தது. அந்தப் பகுதியின் திறவுகோலை மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு அது எங்கும் பொருந்தியிருக்காது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். மெக்சிகோவின் குவெரெரோ மாநிலப் பெயரைத் தாங்கிய அசேரியா 1998-ல் கேரளத்தில் பதிவானது.

பொருந்தாததை வலிந்து பொருத்துவதும் தவறே. தேனீப் பெட்டிகளை அழித்த வரோவாவை உலகமே வரோவா ஜேக்கப்சோனி என்று எழுதிக்கொண்டிருந்தது. 2000-ல் ஆண்டர்சனும் ட்ரூமேனும் அது வேறு என்று காட்டி, வரோவா டிஸ்ட்ரக்டர் என்று பெயரிட்டார்கள். பழைய ஆய்வுகளில் எது எது என்று இன்று சரிபார்க்க வேண்டுமானால், அப்போது மாதிரியைப் பாதுகாத்து வைத்திருந்தால்தான் முடியும்.

11. புதுப் பெயர் வைப்பது

உண்மையிலேயே புதுசு என்றால் விலங்குகளின் பெயர் விதிகளுக்கான சர்வதேசச் சட்டத்தொகுப்பின் நான்காம் பதிப்பு, 2000 முதல் நடப்பில் உள்ளது, அதன்படி நடக்க வேண்டும். ‘புதிய சிற்றினம்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொற்களில் சொல்ல வேண்டும். மாதிரி வகை ஒன்றைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரத்தில் இருக்கிறது, அல்லது எங்கே வைக்கப்படும் என்று தெரிவிக்க வேண்டும். செம்பேனுக்கு ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரி, பெரும்பாலும் ஒரு ஆண், தனி ஸ்லைடில். இதழ் இணையத்தில் மட்டும் வருவதானால், வெளியாகும் முன்பே விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, பதிந்ததற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும்.

அதிகம் நடக்கும் விபத்து: முறையான கட்டுரை வரும் முன் கருத்தரங்கச் சுருக்கத்தில் பெயரை எழுதிவிடுவது. அங்கே வந்த பெயர் சட்டப்படி பெயரே அல்ல, ஆனால் மற்றவர்கள் எடுத்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஆய்வேட்டிலும் சுவரொட்டியிலும் ‘சிற்றினம் 1’ என்றே வையுங்கள்.

பெயரில் லத்தீனின் 26 எழுத்துகள் மட்டும். ழகரத்துக்கு எந்த எழுத்து என்று முன்பே முடிவு செய்யுங்கள், அச்சான பிறகு நினைத்தபடி மாற்ற முடியாது. ஊர்ப் பெயரானால் என்சிஸ் ஈறு, பேரினத்தின் பாலுக்கேற்ப. தமிழ்ச் சொல்லை அப்படியே பெயர்ச்சொல்லாக வைக்கலாம், அப்படி என்று கட்டுரையில் சொல்லிவிட்டால் ஈறு மாறாது. அதே பேரினத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள், இன்று வேறு பேரினத்துக்குப் போய்விட்ட பழைய பெயர்களையும் சேர்த்து. உங்கள் பெயரையே வைக்க விதியில் தடையில்லை. ஆனால் யாரும் செய்வதில்லை.

இந்தியாவில் எடுத்ததானால் 2002 உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவும் உண்டு. புதிய சிற்றினத்தை, அதற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றுக்குத் தெரிவித்து, மாதிரியை ஒப்படைக்க வேண்டும். கட்டுரையை அனுப்பும் முன்பே ஒப்படைத்துச் சேகர எண்ணை வாங்கிவிடுங்கள், அந்த எண் கட்டுரையில் போக வேண்டும். ஸ்லைடுகளோடு மிச்சமுள்ள ஆல்கஹால் குப்பியையும் அதே எண்ணில் கொடுங்கள்.

கீரைக் குப்பி மாணவர் மறுபடி அதே தோட்டத்துக்குப் போனார். தண்டுக்கீரை. இலைத்துண்டில் பன்னிரண்டாம் நாள் ஆண்கள் வந்தன. பதினோரு ஸ்லைடில் நான்கு சரியாகப் படுத்தன. மூன்றில் குமிழ் ஒரு மாதிரி, நான்காவதில் வேறு மாதிரி. இப்போது ஒற்றைப் பெண்களைத் தனித்தனியாக வளர்த்துக்கொண்டிருக்கிறார்.